முதல் மலையே வெள்ளியங்கிரியா?

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை நாற்காலிதான். டாக்டர் நடக்கச் சொன்னார். காட்டுக்குள் நடக்கும் வீடியோக்களைப் பார்த்து அந்த ஆசையும் சேர்ந்துகொண்டது. காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற மாதிரி நடந்தால் போதும். கணுக்கால் உயர பூட்ஸும் 40 லிட்டர் பையும் வாங்கிவிட்டேன். தை முடிந்ததும் வெள்ளியங்கிரியில் தொடங்கலாமா? நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரக் காட்டுக்குள் தாங்களாகவே போய் வருகிறார்கள். அவர்களோடு சேரலாமா? படி இறங்கினாலே முழங்கால் வலிக்கிறது. தண்ணீர், சாப்பாடு எவ்வளவு எடுக்க வேண்டும்? யானை, பாம்பு வந்தால்?
வாசகர், திருப்பூர்

பதில்:

வணக்கம் நண்பரே. வெள்ளியங்கிரியை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். கணக்குப் பார்க்கிறவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். சென்னிமலைக்கு 1,320 படி. படி ஒன்றுக்கு 15 செ.மீ. என்று வைத்தால் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 200 மீட்டர். வெள்ளியங்கிரியில் பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலை வரை ஒரு வழிக்கே சுமார் 6 கி.மீ.; ஏற்றம் 1,000 மீட்டருக்கு மேல். அதாவது சென்னிமலையை அடுத்தடுத்து ஐந்து தடவைக்கு மேல் ஏறிவிட்டு, அத்தனையையும் மறுபடி இறங்க வேண்டும். எழுபது வயது ஆத்தாக்கள் ஏறுகிறார்களே என்பீர்கள். ஏறுகிறார்கள்தான். அவை ஆயுசு முழுக்கக் காட்டு வேலை பார்த்த கால்கள். பதினோரு மணி நேரம் மேசைக்கடியில் மடங்கிக் கிடக்கிற கால்கள் வேறு. 2024 பருவத்தில் அந்த மலையில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் சிலர் இறந்தார்கள். இதயம், மூச்சு, ரத்த அழுத்தம், சர்க்கரைத் தொல்லை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை அறிவிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே முதல் செலவு ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி மூன்றுக்கும் ஆகட்டும். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சில் இறுக்கமோ, பேச முடியாத மூச்சிரைப்போ இருந்தால் டாக்டர் சரி என்று சொல்லும் வரை சமதரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் குழுவோடு போகலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே பதில். கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் மலையடிவாரம் பெரும்பாலும் காப்புக்காடு. சத்தியமங்கலமும் ஆனைமலையும் புலிகள் காப்பகங்கள். அனுமதியில்லாமல் நுழைந்தால் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டமும், சரணாலயமாக இருந்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பாயும். அபராதத்தைக் கட்டிவிடலாம். கட்ட முடியாத விலை ஒன்று இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் விரைவாக ஏறும். மேலே இருக்கும் புல்லையும் அனலே முன்கூட்டி உலர்த்திவிடுவதால் மனிதர் ஏறும் வேகத்தை அது தாண்டிவிடுகிறது. எந்தச் சரிவில் எந்த வாரம் போகக்கூடாது, யானைக்கூட்டம் இப்போது எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்பதெல்லாம் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் அந்த ஊர்ப் பழங்குடியினருக்கும் தெரியும். வாட்ஸப் குழுவுக்குத் தெரியாது.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை வனத்துறை இணையப் பதிவோடு திறந்துவிட்டது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். நம் பக்கத்தில் ஆழியாறு கால்வாய்க்கரை, டாப்சிலிப் முதல் பண்டாரவரை, மானாம்பள்ளி, சாடிவயல் முதல் சிறுவாணி ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. ஒவ்வொரு பாதைக்கும் எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு நடையும் ‘எளிது’ என்று இருப்பதில் மட்டும். வீட்டாரையும் கூட்டிப் போவதென்றால் பில்லூர் அணை அருகே பரளிக்காடு நல்ல இடம். பரிசல், மதியச் சாப்பாடு, சின்ன நடை மூன்றையும் வனத்துறையே ஏற்பாடு செய்கிறது. கோடையில் தீப்பருவம் தொடங்கினால் இந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள்; தொடர்ந்து மழை பெய்தாலும் அப்படியே. ஆகவே விடுப்புப் போடுவதற்கு முன் பதிவுப் பக்கத்தைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் எட்டு வாரம் கால்களைத் தயார் செய்ய வேண்டும். இதற்குக் காடே தேவையில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே இருபுறமும் கிளுவை வேலி போட்ட இட்டேரிகள், அதாவது மண்தடங்கள், இன்னும் மிச்சமிருக்கின்றன. மேடு பள்ளம், சரளை, முள், மணல் என்று கால் சந்திக்க வேண்டிய அத்தனையும் அங்கே கிடைக்கும். பூங்காவில் சிமெண்ட் தரையில் மாதக்கணக்கில் நடந்தவருக்கும் காட்டில் கணுக்கால் பிசகுவது இந்தப் பழக்கம் இல்லாததால்தான். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு நான்கு நாள், நாற்பது நிமிடம் நடங்கள். முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். தோட்டத்து நாய்கள் இருக்கும், கையில் குச்சி இருக்கட்டும். வேலிக்குள் நுழைவதென்றால் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் படி. உங்களுக்குச் சிவன்மலையும் சென்னிமலையும் பக்கம். கோவை போகிற நாளில் மருதமலையில் 837 படி இருக்கிறது. ஆனால் அங்கே யானை நடமாட்டம் உண்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். கிருத்திகை, தைப்பூசக் கூட்டத்தில் பயிற்சி நடக்காது. கோயில் படியில் வெறுங்காலோடுதான் ஏற வேண்டியிருக்கும். கல் சூடேறுமுன், ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். பூட்ஸைப் பழக்குவதற்கு இட்டேரி இருக்கிறது. ஆறாம் வாரம் முதல் இட்டேரி நடையில் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாலு கிலோ சுமையோடு இரண்டரை மணி நேரம் நடந்த மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போக முடிகிறதென்றால் எளிய பாதைக்கு நீங்கள் தயார்.

முழங்கால் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதியவர்களில் பலர் இரண்டாவது நடைக்கு வராமல் போவதற்கு ஏற்றத்தைவிட இறக்கமே காரணம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி நிறுத்த வேண்டும். நாற்காலி வேலையில் அந்தத் தசை மெலிந்து போயிருக்கும். அது விட்டுக்கொடுக்கிற சுமை நேராக மூட்டில் இறங்குகிறது. வீட்டு வாசற்படி ஒன்று, 15 முதல் 20 செ.மீ. உயரம் இருந்தால் போதும். ஒரு காலில் மேலே நின்று, மற்றக் குதிகாலை மூன்று எண்ணும் வரை மெல்ல இறக்கித் தரையைத் தொட்டு, மறுபடி ஏற்றுங்கள். காலுக்குப் பத்து, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முட்டி உள்பக்கம் சாயாமல் இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். தொடை இரண்டு நாள் வலித்தால் அது வளர்ச்சி வலி. முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது மடங்கிப் போனாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

பாதையில் இறங்கும்போது அடி சின்னதாக இருக்கட்டும். முட்டியை லேசாக மடக்கியே வைத்து, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே வையுங்கள். காலை நீட்டிக் குதிகாலைக் குத்துகிற பழக்கம்தான் வழுக்கலுக்கும் வலிக்கும் காரணம். வறண்ட கரட்டுச் சரிவில் சரளை மீது காய்ந்த சருகு படிந்திருக்கும். களத்தில் கொட்டிய கம்பின் மேல் நடப்பது போல அது உருளும். அங்கே நேராக இறங்காமல் குறுக்கே வளைந்து வளைந்து இறங்குங்கள். ஊன்றுகோல் கட்டாயம் வேண்டும். உயரம் கூட்டிக் குறைக்கிற கோல் என்றால் சமதரையில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் அளவு, இறக்கத்தில் அதைவிட 5 முதல் 10 செ.மீ. கூடுதல். மூங்கில் தடியும் நல்லதுதான். நெஞ்சு உயரம் இருக்கட்டும், பிடிக்கும் இடத்தில் துணி சுற்றுங்கள்.

வாங்கிய பூட்ஸை உடனே குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம், பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில், நடைக்குப் போடப்போகும் சாக்ஸோடு மாட்டி, சாய்வான பலகையில் கீழ்நோக்கி நில்லுங்கள். விரல் முனை இடித்தால் அளவு சிறியது. இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். குதிகால் தூக்கினால் கடைசிக் கண்ணியில் நாடாவை வளையமாக்கிக் குறுக்கே இழுத்துக் கட்டிப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் கனமாக, விறைப்பாக இருந்தால் நம் எளிய பாதைகளுக்குத் தேவையில்லை. ஆழமான பள்ளங்கள் கொண்ட அடிப்பாகமும், சீமைக்கருவேல முள் ஏறாத தடிப்பும் உள்ள கணுக்கால் வரையிலான ஷூ போதும். எதுவானாலும் 40 கி.மீ. இட்டேரியில் நடந்த பிறகே காட்டுக்கு. கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சூடாக உறுத்தும். உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். ‘அடுத்த ஓய்வில் பார்த்துக்கலாம்’ என்றால் அடுத்த ஓய்வுக்குள் தோல் உரிந்திருக்கும்.

40 லிட்டர் பையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஒருநாள் நடைக்கு 20 லிட்டர் தாராளம். பெரிய பையில் இடம் இருப்பதாலேயே பொருள் சேரும். தண்ணீரோடு சேர்த்து மொத்தச் சுமை ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது. தலையில் மாட்டும் டார்ச், விசில், கிரேப் பேண்டேஜ், பிளாஸ்டர், முள் வாங்கி, கிருமிநாசினி, வழக்கமான மாத்திரை, மழைக்கோட்டு, பவர் பேங்க், குப்பைக்கு ஒரு துணிப்பை. உடை விஷயத்தில் உங்கள் ஊர்ச் சரக்கையே குறை சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு உலராமல் ஒட்டிக்கிடக்கும். அக்குளும் தொடையும் உராய்ந்து புண்ணாகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் முகட்டில் நின்றால் உடம்பு சட்டென்று குளிரும். அதே திருப்பூரில் தைக்கிற பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டையில் முழுக்கை, மங்கல் நிறமாக வாங்குங்கள். ஜீன்ஸும் வேண்டாம். பேண்ட் நுனி சாக்ஸுக்குள் இருக்கட்டும்.

நேரக் கணக்குத்தான் நடையின் உயிர். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேற்கொண்டு ஒரு மணி. அது பழகிய கால்களுக்கு. நீங்கள் 3 கி.மீ.க்கு ஒரு மணி, 300 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி, நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிட ஓய்வு என்று போடுங்கள். போக 4, வர 4 கி.மீ., போகும்போது 300 மீட்டர் ஏற்றம் உள்ள பாதையை எடுத்துக்கொள்வோம். போக ஒரு மணி இருபது நிமிடமும் ஏற்றத்துக்கு ஒரு மணியும் ஓய்வு இருபது நிமிடமும் சேர்ந்து இரண்டு மணி நாற்பது நிமிடம். வர ஒன்றரை மணி. காலை ஏழுக்குத் தொடங்கினால் 9.45 உங்கள் திரும்பும் நேரம். உச்சி இன்னும் இருநூறு மீட்டர்தான் என்றாலும் 9.45-க்குத் திரும்பிவிட வேண்டும். வழிகாட்டி இருந்தால் அவர் சொல்லும் நேரமே சட்டம். அவரிடம் பேரம் பேசாதீர்கள்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். கோவைப் பக்கம் மலை மேற்கே இருக்கிறது. டிசம்பரில் ஆறு மணிக்குச் சூரியன் மறைவதாக நாள்காட்டி சொன்னாலும், கிழக்குச் சரிவில் வெயில் அதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். மரத்தடி அதைவிடச் சீக்கிரம் இருட்டும். யானை நடமாடும் நேரமும் அதுவே. ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரைக் கோடை மழையிலும் இடி பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். பள்ளத்தில் கலங்கல் தண்ணீர் ஏறுகிறதென்றால் மேலே மழை கொட்டுகிறது என்று பொருள். இந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் கடக்காதீர்கள், வடியும் வரை உட்காருங்கள்.

தண்ணீர், மணிக்கு அரை லிட்டர். மாசியிலிருந்து வைகாசி வரை முக்கால் லிட்டர். மேலே சொன்ன நடைக்குக் குளிர்காலத்தில் இரண்டு லிட்டர், அதோடு வண்டிக்குத் திரும்பும் வரை தொடாத அரை லிட்டர். ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு முழு லிட்டரில் கரையுங்கள். சுவைக்காக அரை லிட்டரில் கரைத்தால் உப்பும் சர்க்கரையும் செறிவாகி வயிற்றைப் புரட்டும். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாமல் தலைவலியும் குமட்டலும் வரும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் உப்புக் கரைசலை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வாயில் வைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் கண்ணுக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு நம் அரிசிம்பருப்பு சாதத்தை மிஞ்சியது இல்லை. சோறு, பருப்பு, எண்ணெய் மூன்றும் ஒரே டப்பாவில் வந்துவிடும். தயிர்சாதம் பை வெக்கையில் புளித்துவிடும். மணிக்கொரு தரம் ஒரு கடலை உருண்டை அல்லது இரண்டு பேரீச்சை. குரங்கு இருக்கும் இடத்தில் பையைத் திறக்க வேண்டாம். வாழைப்பழத் தோல் உள்பட எல்லாம் திரும்பி வர வேண்டும்.

யானையைப் பொறுத்தவரை பார்க்காமலிருப்பதே திறமை. உண்ணிச்செடிப் புதருக்குள் இருபது மீட்டரில் நிற்கும் யானையும் கண்ணில் படாது. ஆவி பறக்கும் லத்தி (யானைச் சாணம்), ஈரம் காயாத ஒடிந்த கிளை, மூங்கில் முறியும் சத்தம், வயிற்றுக்குள் உருளும் மாதிரி ஓர் உறுமல். இதில் ஒன்று தெரிந்தாலும் அப்படியே நின்று, பேச்சை நிறுத்தி, வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். கொஞ்சம் புழுதியைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். உங்கள் வாடை அதன் பக்கம் போகக்கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது, தனி ஆணைச் சுற்றிப் போக நினைக்கவும் கூடாது. இறக்கத்தில் யானையால் ஓட முடியாது என்பது பொய், அதை நம்பி ஓடியவர்களுக்கு ஆபத்து. துரத்தினால் பையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிய பாறைக்கோ மரத்துக்கோ பின்னால் பார்வையிலிருந்து மறையுங்கள். செல்ஃபி பற்றி எழுதக்கூடத் தேவையில்லை.

பாம்புக்கு எளிய வழி, பார்க்காத இடத்தில் கையும் காலும் வைக்காமலிருப்பது. விழுந்த மரத்தை ஒரே எட்டில் தாண்டாதீர்கள். மேலே ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்து இறங்குங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பைப் பிடித்து அடையாளம் காட்டத் தேவையில்லை. 108-க்கு அழைக்க சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதை ஏறும்போதே கவனித்து வையுங்கள். மலைத்தேனீ இருக்கும் பாறையருகே சென்ட், புகை, கூச்சல் ஆகாது. கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஒரே திசையில் விலகுங்கள். பூனைக்காலி, செந்தட்டிச் செடிகள் பட்டு அரித்தால் தேய்க்காதீர்கள். சுணையை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். மழைக்காலத்தில் டாப்சிலிப், வால்பாறைப் பக்கம் அட்டை இருக்கும். விரல் நகத்தால் உறிஞ்சும் முனையைத் தள்ளிவிட்டால் விழுந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

புறப்படும் முன் வீட்டில் ஒரு தாளில் பாதையின் பெயர், வண்டி எண், கூட வருபவர் எண், திரும்பும் நேரம், அந்த நேரம் தாண்டி இரண்டு மணி ஆகியும் தகவல் இல்லையென்றால் 112-ஐ அழைக்கவும் என்று எழுதி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் துணியை வாசலிலேயே கழற்றி வெந்நீரில் போட்டுவிட்டுக் குளியுங்கள். காதுக்குப் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டைக் கோடு, தொடையிடுக்கு, முட்டிக்குப் பின்புறம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முள் வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி, மண்ணெண்ணெய் வேண்டாம். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட மாதிரி வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக ‘காட்டுக்குப் போய் வந்தேன்’ என்று சொல்லிவிடுங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக்காய்ச்சல் என்றால் டாக்ஸிசைக்ளினுக்குக் கேட்கும். சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமாலில் ஒரு வாரம் ஓட்டினால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.